மெரிலாண்ட் சுப்பிரமணியம்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கரமனை ஆற்றைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் நேமம் என்னும் ஊர் வரும். நாஞ்சில் நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு, நகரத்துக்குள் நுழைவதற்கு முன்பே எதிர்ப்படும் ஊர் அது. அந்த நேமத்தில் 1951-ஆம் ஆண்டில் ஒரு படப்பிடிப்பு நிலையம் எழுந்தது. மெரிலாண்ட் என்பது அதன் பெயர். அதனை நிறுவியவர் பி. சுப்பிரமணியம். 1910-ஆம் ஆண்டு நாகர்கோவிலில் பிறந்து, திருவனந்தபுரத்தில் தொழில் செய்து, 1978-ஆம் ஆண்டு காலமானவர். ஊரார் அவரை மெரிலாண்ட் சுப்பிரமணியம் என்றே அழைத்தனர். தாம் தொடங்கிய தொழிலின் பெயரே ஒருவருக்கு முன்னெழுத்தாக அமைவது எளிதில் கிட்டும் பேறு அன்று.

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் அவரை இன்று நினைவு கூர்வதற்குக் காரணம் உண்டு. பிழைப்பைத் தேடிச் சென்ற இடத்தில் நாம் விருந்தினரா, வீட்டாரா என்னும் வினா நம்முள் பலருக்கு இருந்துகொண்டே இருக்கிறது. இவ்வினாவுக்குச் சுப்பிரமணியம் மேடையேறி விடை சொன்னவர் அல்லர். தாம் செய்த தொழிலினாலும், நடத்திய குடும்பத்தினாலும் ஒரு விடையை விட்டுச் சென்றார். அவ்விடை எத்தகையது என்பதையே இப்பேச்சில் காண முயல்வோம்.

திருவனந்தபுரமும் தமிழரும் இன்று நேற்று அறிமுகமானவர்கள் அல்லர். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கிய காலத்தில் அங்கு விளைந்த அரிசி இந்நகரத்திற்கு வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவில், அரிசியும் பருப்பும் துணியும் பாத்திரமும் விற்ற தமிழ் வணிகர் பலர். கோட்டையைச் சுற்றிய தெருக்களிலும் கரமனையிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தன. ஆகவே, நாகர்கோவிலில் பிறந்த ஓர் இளைஞர் திருவனந்தபுரத்தில் தொழில் தொடங்கியது வியப்புக்குரியது அன்று. அவர் எடுத்துக்கொண்ட தொழிலே வியப்புக்குரியது. அரிசி வியாபாரத்தில் கணக்கு உண்டு. துணி வியாபாரத்தில் அளவு உண்டு. சினிமாத் தொழிலிலோ முதல் போட்டவருக்குக் கணக்கும் இல்லை, அளவும் இல்லை என்பதை அக்காலத்து மக்கள் கண்கூடாகக் கண்டிருந்தனர்.

அவர்கள் கண்டது யாது? மலையாளத்தின் முதற் படத்தை எடுத்தவர் ஜே. சி. டேனியல். இவரும் தென் திருவிதாங்கூர்க்காரர்; அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்தவர். சொந்த நிலத்தை விற்றுப் பணம் திரட்டினார். 1926-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். கதை எழுதுவது, படம் பிடிப்பது, நடிப்பது ஆகிய யாவற்றையும் தாமே ஏற்று, தம் சிறு மகனையும் நடிக்க வைத்து, ‘விகதகுமாரன்’ என்னும் பேசாப் படத்தை முடித்தார். அப்படத்தின் கதாநாயகி பி. கே. ரோசி, ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த பெண். அவர் உயர்குலப் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறாதவர்கள் திருவனந்தபுரம் காபிடல் கொட்டகையில் கலகம் விளைவித்தனர். அந்தப் பெண் ஊரை விட்டே ஓட நேர்ந்தது. டேனியல் தம் பொருள் முழுவதையும் இழந்து பல் மருத்துவராகப் பிழைத்து, 1975-ஆம் ஆண்டு வறுமையில் மறைந்தார். கேரள அரசு 1992 முதல் அவர் பெயரால் ஆண்டுதோறும் விருது வழங்கி வருகிறது. வாழ்நாளில் அவருக்குக் கிட்டாத மரியாதை அது.

அதற்குப் பின்னர், 1933-ஆம் ஆண்டில், டேனியலின் உறவினராகிய நாகர்கோவில் ஆர். சுந்தரராஜ் என்பவர் சி. வி. ராமன்பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவலைப் படமாக்கினார். நாவலின் உரிமை பெற்றிருந்த பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்தனர். படம் திரைக்கு வந்த வேகத்திலேயே முடக்கப்பட்டது. ஆக, நாஞ்சில் பகுதியிலிருந்து சென்ற இருவர் கையைச் சுட்டுக்கொண்ட தொழில் இது. சுப்பிரமணியம் வளர்ந்த பருவத்தில் அவ்வூர்களில் எந்தத் தாயும் தன் மகனைச் சினிமாத் தொழிலுக்குப் போ என்று வாழ்த்தியிருக்க மாட்டாள்.

சுப்பிரமணியம் இத்தொழிலுக்குள் நுழைந்த வழி வேறு. அவர் முதலில் படம் எடுக்கவில்லை, படம் காட்டினார். திருவனந்தபுரத்தில் திரையரங்குகளை அமைத்து நடத்தினார். தம்பானூரில் உள்ள நியூ தியேட்டர், ஸ்ரீகுமார் முதலிய அரங்குகள் அக்குடும்பத்தின் பெயரோடு சேர்த்து இந்நகரத்தார் அறிந்தவை. இவ்வழியின் நுட்பத்தை நாம் சற்று விளக்குதல் வேண்டும். ஒரு படத்திற்குச் செலவாகும் பணம் முழுவதும் திரும்பி வருவது ஒரே ஒரு வாயிலின் வழியாகத்தான். அது கொட்டகையின் டிக்கெட் கொடுக்கும் சிறு சன்னல். அங்கே விழும் காசு கொட்டகைக்காரருக்கும் விநியோகஸ்தருக்கும் பங்கு போன பிறகே படம் எடுத்தவரைச் சென்று சேர்கிறது. டேனியலிடம் படம் இருந்தது, கொட்டகை இல்லை. சுப்பிரமணியத்திடம் முதலில் கொட்டகை இருந்தது. எந்தக் காட்சியில் மக்கள் கண் கலங்குகின்றனர், எந்தப் பாட்டுக்குக் கை தட்டுகின்றனர், எந்த இடத்தில் எழுந்து வெளியே போகின்றனர் என்பதைப் பல ஆண்டுகள் பின்வரிசையில் நின்று பார்க்கும் வாய்ப்பு கொட்டகைக்காரருக்கே உண்டு. சரக்கை அறிந்து கடை வைப்பவர் சிலர். வாடிக்கைக்காரரை அறிந்து சரக்கு வாங்குபவர் சிலர். இவர் இரண்டாம் வகையினர்.

அக்காலத்தில் மலையாளப் படங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலேயே உருவாயின. முதல் மலையாளப் பேசும் படமாகிய ‘பாலன்’ 1938-ஆம் ஆண்டில் சேலத்தில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸில் எடுக்கப்பட்டது என்பது நம்மில் சிலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். மலையாள நடிகர்கள் ரயிலேறிச் சேலத்துக்கோ சென்னைக்கோ சென்று, அங்குத் தங்கி நடித்துத் திரும்ப வேண்டும். இந்நிலையை மாற்ற 1947-ஆம் ஆண்டில் ஆலப்புழையில் குஞ்சாக்கோவின் உதயா ஸ்டூடியோ தோன்றியது. நான்கு ஆண்டுகள் கழித்து நேமத்தில் மெரிலாண்ட் தோன்றியது. இவ்விரண்டு நிலையங்களும் கால் நூற்றாண்டுக் காலம் மலையாளத் திரையுலகின் இரு தூண்களாக நின்றன.

மெரிலாண்டில் எடுக்கப்பட்ட முதற் படம் 1952-இல் வெளிவந்த ‘ஆத்மசகி’. நீலா புரொடக்‌ஷன்ஸ் என்பது தயாரிப்பு ஸ்தாபனத்தின் பெயர். திரை விலகியதும் வேலேந்திய முருகன் காட்சி தருவதே அதன் சின்னம். ஆலப்புழையார் படம் என்றால் கூவும் சேவல். நேமத்தார் படம் என்றால் வேல்முருகன். எழுத்தறியாத ரசிகரும் இச்சின்னங்களைக் கொண்டு இது யார் வீட்டுப் படம் என்று தெரிந்துகொண்டனர்.

‘ஆத்மசகி’யில் காவல்துறை உத்தியோகத்தை விட்டு வந்த ஒருவர் கதாநாயகனாகத் தோன்றினார். சத்தியன் என்று பிற்காலத்தில் கேரளம் முழுவதும் போற்றிய நடிகர் அவரே. நீலாவின் படங்களுக்குத் தொடர்ந்து பாட்டெழுதியவர் திருநயினார்குறிச்சி மாதவன் நாயர். இசையமைத்தவர் பிரதர் லக்ஷ்மணன். பின்னணி பாடிய கமுகறை புருஷோத்தமன் 1953-ஆம் ஆண்டின் ‘பொன்கதிர்’ படத்தில் அறிமுகமானவர். கவிஞரும் பாடகரும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மண்ணில் பிறந்தவர்கள். அவ்விருவரும் கூடிய 1955-ஆம் ஆண்டு ‘ஹரிச்சந்திரா’வின் சுடலைப் பாட்டு இன்னும் மலையாளிகளின் நாவில் நிற்கிறது. தமக்கு முன்பின் தெரியாத பெரிய பெயர்களைத் தேடி அலையாமல், அருகில் இருந்த திறமையை இனங்கண்டு, அதே மனிதர்களைப் படத்துக்குப் படம் வேலைக்கு வைத்துக்கொண்ட முறை, ஒரு குடும்பத் தொழிலின் முறையே ஆகும்.

இங்கு ஒரு சரித்திர நிகழ்ச்சியை நாம் குறிப்பிடாமல் மேற்செல்ல இயலாது. மெரிலாண்ட் எழுந்த அதே ஆண்டுகளில், தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் தங்கள் வட்டங்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடினர். 1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் மாண்டன. இறுதியாக, 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகரமாயிற்று.

அந்த நாளின் விடியலில் சுப்பிரமணியம் எங்கும் பிரயாணம் செய்யவில்லை. ஆயினும், அவர் பிறந்த ஊர் ஒரு மாநிலத்திலும், தொழில் செய்த ஊர் மற்றொரு மாநிலத்திலும் ஆகிவிட்டன. நம்மில் பலர் ரயிலேறிப் புலம்பெயர்ந்தோம். எல்லைக்கோடு இடம்பெயர்ந்ததனால் வேற்று மாநிலத்தவர் ஆனவர்களும் நம்மிடையே உண்டு. மொழியின் பெயரால் மனங்கள் கொதித்திருந்த அவ்வேளையில், நாகர்கோவிலில் பிறந்த ஒருவர் மலையாள மொழியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த 1956-ஆம் ஆண்டிலேதான் ‘மந்திரவாதி’ என்னும் படத்தின் வாயிலாக அவர் தாமே இயக்குநராகவும் ஆனார். தொழிலைச் சுருட்டிக்கொண்டு திரும்பவுமில்லை. ஒதுங்கி நின்று பார்க்கவுமில்லை. எல்லை பிரிந்த ஆண்டில் அவர் தம் கையை மேலும் ஆழமாக அம்மண்ணில் ஊன்றினார் என்று சொல்லலாம்.

அவருடைய படங்களின் பெயர்களை ஒருமுறை வரிசையாகப் பார்ப்போம். ‘அவகாசி’ என்றால் உரிமையாளன், சொத்துக்கு உரியவன். ‘அனியத்தி’ என்றால் தங்கை. ‘மரியக்குட்டி’ ஒரு பெண்ணின் பெயர். குடும்பத்தின் உறவுகளும் உரிமைகளும் பிரிவுகளுமே இவற்றின் பொருள். 1957-இல் முட்டத்து வர்க்கியின் நாவலைத் தழுவி எடுத்த ‘பாடாத்த பைங்கிளி’, ஏழைப் பள்ளி ஆசிரியர் வீட்டுப் பெண்ணின் கதை. பெண்ணைப் பெற்ற ஏழைத் தகப்பனின் கவலையை அக்கதை சொல்லிற்று. அவ்வாண்டின் சிறந்த மலையாளப் படமாக அது குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது. மறு ஆண்டில், குட்டநாட்டு வயல்களில் உழைக்கும் மக்களைப் பற்றித் தகழி சிவசங்கரப்பிள்ளை எழுதிய ‘ரண்டிடங்கழி’ நாவலையும் அவர் படமாக்கினார். வேற்றூரிலிருந்து வந்த ஒரு வியாபாரி, அந்நாட்டு எழுத்தாளர்களின் நூல்களைத் தேடி எடுத்து, அந்நாட்டு ஏழைகளின் கதையை அவர்கள் மொழியிலேயே அவர்களுக்குக் காட்டினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆலப்புழையாருக்கும் நேமத்தாருக்கும் இருந்த போட்டி பெயர் பெற்றது. 1961-ஆம் ஆண்டில் குஞ்சாக்கோ ‘கிருஷ்ண குசேலா’ எடுத்தார். சுப்பிரமணியம் ‘பக்த குசேலா’ எடுத்தார். ஒரே கதை, ஒரே ஆண்டு. மக்கள் நேமத்துக் குசேலரையே மிகுதியாக வரவேற்றனர். குசேலர் யார்? இருபத்தேழு பிள்ளைகளின் பசியைப் பார்க்கப் பொறாமல், மனைவி முடிந்து கொடுத்த அவலோடு, தூரதேசத்தில் இருக்கும் நண்பனின் வாயிலை நாடிப் போன குடும்பத் தலைவர். வீட்டுக்காக வெளியூர் சென்ற மனிதர். ஊரை விட்டுப் புறப்பட்ட எந்தத் தமிழனும் தன் கதையின் ஒரு பகுதியை அதில் காண்பான். பெருங்கூட்டம் அக்கதைக்குத் திரண்டதில் ஆச்சரியமில்லை.

சுப்பிரமணியத்தின் மீது கூறப்படும் குறைகளையும் மறைப்பது முறையன்று. 1954-இல் வெளிவந்த ‘நீலக்குயில்’ மலையாளப் படத்தை வாழ்க்கையின் அருகே கொண்டு சென்றது. 1965-இல் வெளிவந்த ‘செம்மீன்’ குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைத் தென்னாட்டுக்கு முதன்முதலாகக் கொணர்ந்தது. இவ்விரண்டும் மெரிலாண்டிலிருந்து வந்தவை அல்ல. நேமத்தின் படங்கள் பல, அட்டையில் தீட்டிய மாளிகைகளிலும் தோட்டங்களிலும் நிகழ்ந்தன. ஒருமுறை வென்ற முறையையே மறுமுறையும் கையாண்டன. புராணக் கதைகளில் பாதுகாப்புத் தேடின. விமரிசகர்கள் இவ்வாறு கூறியதில் உண்மை உண்டு. ஆனால், ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களை இயக்கிய ஒருவர், ஒவ்வொரு படத்தையும் நம்பி அடுப்பெரிந்த தச்சரையும் தையற்காரரையும் விளக்குத் தொழிலாளியையும் கணக்கில் கொண்டிருத்தல் வேண்டும். ஒரே படத்தில் முழு முதலையும் வைத்து ஆடும் துணிவு கலைக்கு நலம் செய்யலாம். டேனியலின் வீட்டுக்கு அது நலம் செய்யவில்லை. நிலையம் நடத்துபவரின் கடமை, அடுத்த மாதமும் நிலையத்தின் கதவு திறந்திருக்கச் செய்வது. இந்தத் தராசில் எந்தத் தட்டு கனமானது என்பதை நேயர்களே முடிவு செய்க.

புராணத்திற்குத் திரும்பியதிலும் அவருக்குப் பெருமை வாய்த்தது. 1969-ஆம் ஆண்டில் வெளியான ‘குமாரசம்பவம்’ முருகனின் கதை. ஜெமினி கணேசன் சிவபெருமானாகவும், திருவனந்தபுரத்துப் பத்மினி பார்வதியாகவும் தோன்றினர். சிறு முருகனாகத் தோன்றிய குழந்தை, பின்னாளில் இந்தியா முழுவதும் புகழ் பெற்ற ஸ்ரீதேவி. கேரள அரசு திரைப்பட விருதுகளைத் தொடங்கிய முதல் ஆண்டில், சிறந்த படத்துக்கான முதல் விருது இப்படத்துக்கே கிட்டியது. தம் ஸ்தாபனத்தின் சின்னமாக வைத்திருந்த தமிழ்த் தெய்வத்தின் கதையை மலையாளத்தில் சொல்லி, கேரளத்தின் முதல் விருதைப் பெற்றார் நாகர்கோவில்காரர். தம்முடையதை விட்டுவிடாமலும், பிறருடையதைப் புறக்கணியாமலும் வாழ இயலும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

1975-ஆம் ஆண்டில் அவர் எடுத்த ‘சுவாமி அய்யப்பன்’ பெரும் பொருளை ஈட்டியது. தேவராஜன் இசையில் யேசுதாஸ் பாடிய ‘ஹரிவராசனம்’ இப்படத்தின் வாயிலாகவே வீடுகள்தோறும் பரவியது. படத்தில் வந்த வருவாயைக் கொண்டு பம்பையிலிருந்து சன்னிதானம் செல்லும் வழியில் ஒரு பாதை அமைக்கப்பட்டது. நீலிமலை, அப்பாச்சிமேடு ஆகிய செங்குத்தான ஏற்றங்களை விட்டு விலகி, மரக்கூட்டத்தை அடையும் சற்றே எளிய பாதை அது. சுவாமி அய்யப்பன் ரோடு என்று படத்தின் பெயராலேயே அது வழங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கர்நாடகம், ஆந்திரம் முதலிய நாடுகளிலிருந்தும் வரும் யாத்திரிகர் அப்பாதையில் நடக்கின்றனர். முதியவர் ஒருவர் மூச்சு வாங்காமல் அங்கு நடக்கும்போது, அது ஒரு படத்தின் லாபம் என்பதை அவர் அறிய வேண்டியதில்லை.

அப்பாதை அமைந்து சில ஆண்டுகளுக்குள், 1978-இல், சுப்பிரமணியம் காலமானார். தொழிலதிபர் ஒருவர் மறைந்ததும் அவர் கட்டியது சிதறிப்போவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். படம் எடுக்கும் தொழிலில் இது இன்னும் விரைவாக நேரும். மெரிலாண்டின் படப்பிடிப்புப் பழையபடி தொடரவில்லை என்பது உண்மையே. மலையாளப் படங்கள் நிலையங்களை விட்டு வெளியே, ஆற்றங்கரைக்கும் தெருவுக்கும் சென்றுவிட்டன. எனினும், அவருடைய மக்கள் திரையரங்குத் தொழிலை விடவில்லை. திருவனந்தபுரத்து மக்கள் அக்குடும்பத்தின் அரங்குகளில் தொடர்ந்து படம் பார்த்தனர். 2022-ஆம் ஆண்டில், மெரிலாண்ட் என்னும் பெயர் மீண்டும் திரையில் தோன்றியது. வினீத் சீனிவாசன் இயக்கிய ‘ஹிருதயம்’ படத்தை மெரிலாண்ட் சினிமாஸ் என்ற பெயரில் தயாரித்தவர் அவருடைய பேரர் விசாக் சுப்பிரமணியம். சென்னைக்குப் படிக்கச் சென்ற ஒரு மலையாள மாணவனின் கதை அது. பாட்டனார் நாகர்கோவிலிலிருந்து வடக்கே வந்தார். பேரர் எடுத்த படத்தில் கேரளத்துப் பிள்ளை தமிழ்நாட்டுக்குச் செல்கிறான்.

தமிழில் பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். விசாக் என்பதும் விசாகன் ஆகிய முருகனின் பெயரே; சுப்பிரமணியம் என்பதும் அவன் பெயரே. சின்னமாக நின்ற தெய்வத்தின் பெயரும், நிறுவியவரின் பெயரும் ஒருவரிடத்தில் வந்து கூடியிருக்கின்றன. மனிதரின் குடும்பப் பற்றை அளக்க நமக்கு வேறு கருவி இல்லை. வீட்டுக்குள் அவர் எப்படிப் பேசினார், குழந்தைகளை எப்படிச் சீராட்டினார் என்பவை அவ்வீட்டாரின் செல்வம். வெளியில் நிற்கும் நமக்குத் தெரிவது இது: அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னரும், அவர் முகம் பார்த்திராத தலைமுறையினர் அவர் பெயரைச் சுமையாகக் கருதாமல், முதலாகக் கருதித் தொழிலில் இறங்கினர்.

நேயர்களே, வேற்று மாநிலத்தில் வாழும் நம் உள்ளத்தில் இரண்டு அச்சங்கள் உண்டு. ஒன்று, இவ்வூர் நம்மை ஏற்காமற் போகுமோ என்பது. மற்றொன்று, இவ்வூர் நம் பிள்ளைகளை முழுவதும் ஏற்றுக்கொண்டு நம்மிடமிருந்து பிரித்துவிடுமோ என்பது. ரோசியின் கதையும் டேனியலின் கதையும் முதல் அச்சம் வீணானதன்று என்று காட்டுகின்றன. சுப்பிரமணியத்தின் கதை அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் காட்டுகிறது. ஈட்டிய ஊரிலேயே அவர் ஈட்டியதைப் போட்டார். கொட்டகையாக, நிலையமாக, நூற்றுக்கணக்கானோர்க்கு வேலையாக, மலைப்பாதையாகப் போட்டார். அவ்வூரின் மொழியை வியாபாரத்துக்கு வேண்டிய அளவோடு நிறுத்தாமல், அதன் எழுத்தாளரையும் பாடகரையும் தம் வீட்டார் போல் ஆக்கிக்கொண்டார். தம் தெய்வத்தை மட்டும் வாசலில் இருந்து எடுக்கவில்லை.

அடுத்த முறை நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வரும் நேயர்கள் நேமத்தைக் கடக்கையில் சற்றுச் சன்னல் வழியே பாருங்கள். பிறந்த ஊருக்குச் செல்லும் சாலையின் மேலேயே ஒருவர் தம் தொழிலை நிறுவினார். ஊரை மறக்கவில்லை, ஊருக்குத் திரும்பவுமில்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள சாலையையே வீடாக்கிக்கொண்டார்.